கடையிலுள்ள விண்டோஸ் 10 கொம்பியூட்டரை என்ன செய்வது?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று நிறுத்தியது. நான் களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு வடக்கே செங்கலடி, தெற்கே அக்கரைப்பற்று வரை சின்னக் கடைகளின் கொம்பியூட்டர்களைப் பார்த்து வருகிறேன். பார்மசி, புடவைக்கடை, அரிசி மில், ஹார்ட்வெயார், கொமினிகேஷன் என்று எங்கே போனாலும் இப்போது ஒரே கேள்விதான்: "தங்கச்சி, புதுசு வாங்க வேணுமா, இதையே ஓட்டலாமா?"

ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. எந்த மெஷின் என்ன வேலை செய்கிறது என்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். ஆனால் எந்தக் கடைக்கும் நான் முதலில் சொல்வது ஒன்று உண்டு. விண்டோஸைத் தொடுவதற்கு முன், பில் மென்பொருளின் தரவையும் எழுத்துருக்களையும் வெளியே எடுத்து, எடுத்தது உண்மையில் திறக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸை எத்தனை தடவையும் திரும்பப் போடலாம். மூன்று வருடக் கடன் கணக்கு போனால் போனதுதான்.

ஆதரவு முடிந்தது என்றால் மெஷின் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. நேற்றுப் போலவே இன்றும் பில் அடிக்கும். நிற்பது பாதுகாப்புத் திருத்தங்கள்தான். மைக்ரோசொப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை புதிதாகக் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைத்து அனுப்பும். விண்டோஸ் 11இல் எதை அடைத்தார்கள் என்று பார்த்தே, அடைக்காத விண்டோஸ் 10இல் எங்கே நுழையலாம் என்று திருடர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். 2017 மே மாதம் பைல்களைப் பூட்டிக் காசு கேட்ட வன்னாகிரை வைரஸ் உலகத்தையே கலக்கியது நினைவிருக்கும். அந்த ஓட்டைக்கான திருத்தம் அதே வருடம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைப் போடாதவர்களின் பைல்கள்தான் பூட்டப்பட்டன. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பானுக்கு 2028 ஒக்டோபர் வரை புது வைரஸ் விபரங்கள் வரும் என்பது உண்மை. ஆனால் அது வைரஸை அடையாளம் காணுமே தவிர ஓட்டையை அடைக்காது. ஒபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு அதே நாளில்தான் முடிந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

முதலில் ஒரு கொப்பி

ஒரு கொப்பியை எடுத்து மெஷினுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் யார் பாவிக்கிறார், என்ன வேலை நடக்கிறது, இணையம் இருக்கிறதா, என்ன பிரிண்டர் கொழுவியிருக்கிறது, பில் மென்பொருள் யாருடையது, அவர்களின் தொலைபேசி இலக்கம் என்ன என்று எழுதுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் புரொசசர் பெயரும் ரேம் அளவும் தெரியும். அதையும் எழுதுங்கள்.

இன்டெல் மெஷின் என்றால் ஐ3, ஐ5 என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் முக்கியம். ஐ5-8500 என்றால் 8ஆம் தலைமுறை. ஐ5-10400 என்றால் 10ஆம் தலைமுறை. ஐ5-4570 என்றால் 4, ஐ5-6500 என்றால் 6. விண்டோஸ் 11க்குப் பொதுவாக இன்டெல்லில் 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையும் அதற்கு மேலும் வேண்டும். அதோடு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (பாதுகாப்புத் திறப்புகளை வைத்திருக்கும் பகுதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும்) வசதி. 4 ஜிபி என்பது மைக்ரோசொப்ட் சொல்கிற குறைந்தபட்சம். கடை வேலைக்கு 8 ஜிபிக்குக் குறைந்தால் பொறுமை போய்விடும்.

மைக்ரோசொப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன மென்பொருளைப் போட்டால் முடியும், முடியாது என்று அதுவே சொல்லும். அது டிபிஎம் இல்லை என்று சொன்னவுடன் மெஷினை ஒதுக்கிவிட வேண்டாம். 8ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட பல மெஷின்களில் டிபிஎம் உள்ளேயே இருக்கிறது, பயோஸில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்டெல்லில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். அதை இயக்கிவிட்டுத் திரும்பச் சோதித்துப் பாருங்கள்.

எதை முதலில் மாற்றுவது

கடையில் மிகப் பழைய மெஷினை முதலில் மாற்ற வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வங்கிக் கணக்கு திறக்கிற, மின்னஞ்சல் பார்க்கிற, வாடிக்கையாளரின் பென்டிரைவ் குத்துகிற மெஷின்தான் முதலில் மாற வேண்டும், அது வாங்கி ஐந்து வருடம்தான் ஆகியிருந்தாலும். கொமினிகேஷன் நடத்துபவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். காலையிலிருந்து இரவு வரை ஊரிலுள்ள பென்டிரைவ் எல்லாம் உங்கள் மெஷினுக்குள் வந்து போகின்றன. பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளையின் பல்கலைக்கழக ஒப்படையோடு வேறு என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு மாறாக, மில்லின் நிறுவை மேடைக்குப் பக்கத்தில் இருந்து ரசீது மட்டும் அடிக்கிற பழைய மெஷின் கொஞ்ச நாள் பொறுக்கும். நெட்வேர்க் வயரைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், அதற்கென்று ஒரு பென்டிரைவை மட்டும் வைத்து வேறு எதையும் குத்த வேண்டாம் என்று வேலை செய்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இதை நிரந்தரத் தீர்வாக எடுத்துக்கொள்ளக்கூடாது. காசு சேரும் வரைக்கும் இப்படி ஓட்டலாம்.

அப்படிப்பட்ட மெஷினில் சில நேரம் விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்து பில் மென்பொருள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அது 16 பிட் மென்பொருள். 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே அந்த மெஷினைப் பொறுத்தவரை புதுக் கொம்பியூட்டர் வாங்குவது இரண்டாவது வேலை. புது பில் மென்பொருளைத் தெரிவு செய்து பழைய கணக்கை அதற்குள் கொண்டுவருவதே முதல் வேலை. அதற்கு மாதக்கணக்கில் எடுக்கும் என்று இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுக்க வேண்டியவை

'டி டிரைவில் எல்லாம் இருக்கு, அதைக் கொப்பி பண்ணினால் சரி' என்பார்கள். பெரும்பாலும் சரியில்லை. பில் மென்பொருள்கள் பலவற்றின் தரவு, எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தளத்துக்குள், சி டிரைவில் புரோகிராம் பைல்ஸ் அடியில் எங்கேயோ இருக்கும். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த பைலைக் கையால் கொப்பி பண்ணவும் விடாது. ஆகவே மென்பொருளுக்கு உள்ளேயே இருக்கும் பேக்கப் பட்டனைப் பாவியுங்கள். வந்த பைலை இரண்டு இடத்தில் வையுங்கள்: ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், மற்றது கடைக்கு வெளியே, வீட்டிலோ கிளவுடிலோ. மாரி காலத்தில் வெள்ளம் கடைக்குள் வருகிற ஊர் நம்முடையது. இரண்டு பிரதியையும் ஒரே லாச்சிக்குள் வைத்தால் அது ஒரு பிரதிக்குச் சமம்.

பேக்கப் எடுத்ததும் வேலை முடியவில்லை. இன்னொரு மெஷினில் அந்த மென்பொருளைப் போட்டு, பேக்கப்பை உள்ளே ஏற்றி, போன வாரத்து பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். பெயர், தொகை, மீதிக் கடன் மூன்றும் சரியாக வந்தால்தான் அது பேக்கப். முதலாளிமார் மேலே செய்ய அவசரப்படுகிற நேரம் இதுதான். நான் இந்த இடத்தில் அசைவதில்லை.

அடுத்தது மென்பொருளின் உரிமம். சில மென்பொருள்கள் பின்னால் குத்தியிருக்கும் சின்ன யூஎஸ்பி டொங்கிளைப் பார்த்து வேலை செய்யும். சில அந்த மெஷினின் டிஸ்க் இலக்கத்தோடு பூட்டப்பட்டிருக்கும், டிஸ்க்கை மாற்றினால் புது இலக்கம் கேட்கும். விற்றவருக்கு முன்கூட்டியே தொலைபேசி எடுத்து, விண்டோஸ் 11இல் ஓடுமா, புது இலக்கம் தருவீர்களா, காசு கேட்பீர்களா என்று மூன்றையும் கேளுங்கள். யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் மெஷினைத் தொடாதீர்கள். முதலில் அந்த ஆளைத் தேடிப்பிடியுங்கள்.

எழுத்துரு விசயத்தைக் கொழும்பிலிருந்து வருகிற டெக்னீஷியன்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நமது கடைகளில் கடிதம், விளம்பரம், கோயில் நோட்டீஸ், கலியாண அட்டை எல்லாம் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் கிடக்கின்றன. பாமினி இல்லாத மெஷினில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் தெரியும். வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது அதைப் பார்த்தால் கோப்பே பழுதாகிவிட்டது என்று மனம் பதறும். பழுதாகவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். சிங்கள வேலை செய்கிற கடைகளில் எஃப்எம் அபயவுக்கும் இதே கதை. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையை முழுதாகக் கொப்பி எடுங்கள். ஒரு நுணுக்கம் இருக்கிறது: விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளில் எழுத்துருவை இரண்டு முறை அழுத்திப் போட்டால் அது அந்தப் பாவனையாளருக்கு மட்டும் என்று அவருடைய ஆப்டேட்டா கோப்புறைக்குள் போய்விடும், பொது இடத்தில் இருக்காது. அங்கேயும் பாருங்கள்.

பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், அவுட்லுக் பாவித்தால் மின்னஞ்சல்கள் இருக்கும் பிஎஸ்டி பைல், டெஸ்க்டொப்பில் குவிந்து கிடப்பவை, பிரிண்டரின் காகித அளவு, மார்ஜின் அமைப்பு ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். கடைசியில் சொன்னதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தாலே போதும்.

பழைய டிஸ்க்கைத் தொடாமல் மாற்றும் வழி

விண்டோஸ் 10க்கு மேலேயே 11ஐ ஏற்றலாம். மென்பொருள், பைல் எல்லாம் அப்படியே இருக்கும், பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் திரும்பிப் போகவும் வழி வைத்திருக்கிறார்கள். மூன்று நான்கு வருடத்து மெஷின், உள்ளே ஏற்கெனவே எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான புது வகை டிஸ்க்) இருக்கிறது, குப்பை சேரவில்லை என்றால் அதுவே போதும். மற்ற எல்லாவற்றுக்கும் நான் விரும்புவது வேறு வழி. புதிதாக ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கடையின் பெயரையும் திகதியையும் ஒட்டி, அப்படியே எடுத்து வையுங்கள். புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11ஐச் சுத்தமாகப் போடுங்கள். ஏதாவது சிக்கல் வந்தால் பழைய டிஸ்க்கைத் திரும்பக் கொழுவிக் கடையைத் திறந்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்கில் ஓடிய மெஷினுக்கு எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் வரும் வித்தியாசத்தை வேலை செய்பவர்களே வந்து சொல்வார்கள்.

ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க் லெகசி என்ற பழைய முறையில் பூட் ஆகியிருந்தால், விண்டோஸ் 11க்காகப் பயோஸை யூஈஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்றிய பிறகு அது எழும்பாது. பயோஸைப் பழையபடி மாற்றினால் எழும்பும். பழைய பயோஸ் அமைப்புப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். டிஸ்க்கை மாற்றாமல் மேலேயே ஏற்றுபவர்கள், விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்க்கை மாற்றியமைத்த பிறகுதான் யூஈஎஃப்ஐக்குப் போக வேண்டும்.

மூடியைத் திறந்தவுடன் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியை, சிஆர்2032, மாற்றிவிடுங்கள். ஐந்தாறு வருட மெஷினில் அது செத்துக்கொண்டிருக்கும். திகதி ஒவ்வொரு நாளும் பின்னால் போகிற மெஷின் என்றால் செத்தேவிட்டது. அந்த நிலையில் பயோஸில் நீங்கள் இயக்கிய டிபிஎம், யூஈஎஃப்ஐ எல்லாம் கரண்ட் போனவுடன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், மறுநாள் காலை மெஷின் எழும்பாது. எல்லோரும் விண்டோஸ் 11ஐத்தான் குற்றம் சொல்வார்கள்.

கல்லடி, பாசிக்குடா, திருக்கோவில் என்று கடற்கரையோரக் கடைகளில் உப்புக் காற்று ரேமின் பொன்னிறப் பற்களில் ஏறியிருக்கும். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசைத் துடைத்துத் திரும்பக் குத்துங்கள். மில்களில் இதைவிட உமித் தூசிதான் பிரச்சினை. விசிறியைச் சுத்தம் செய்யாமல் ஒன்றரை மணித்தியாலம் விண்டோஸ் ஏற்றினால் மெஷின் சூடாகி நடுவில் அணைந்துவிடும். யூபிஎஸ்ஸையும் முதல் நாளே சோதியுங்கள்: பிளக்கைக் கழற்றினால் பத்து நிமிடமாவது பிடிக்க வேண்டும். பயோஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடலாம். மழை இடிமின்னல் நாளில் அந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

விண்டோஸ் 11ஐ ஏற்றுவதற்கான ஐஎஸ்ஓ பைல் 5 ஜிபிக்கு மேல் வரும். மைக்ரோசொப்டின் தளத்திலிருந்தே, இரவு நேர டேட்டாவில், ஒருமுறை இறக்குங்கள். 8 ஜிபி அல்லது அதைவிடப் பெரிய பென்டிரைவில் போட்டு வைத்தால் எல்லா மெஷினுக்கும் அதுவே போதும். முறையான விண்டோஸ் 10 உரிமம் உள்ள மெஷினில் ஹோமுக்கு ஹோம், புரோவுக்கு புரோ என்று 11 இலவசமாகவே இயங்கும். உரிமம் வாங்காமல் கிராக் போட்டு ஓட்டும் விண்டோஸ் என்றால் அந்தக் கிராக்கோடு டிஃபெண்டரையும் அப்டேட்டையும் யாரோ அணைத்து வைத்திருக்கக்கூடும். அந்த மெஷினில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். உரிமம் வாங்குகிற செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

ஏற்றும்போது மைக்ரோசொப்ட் கணக்கு கேட்கும். வேலை செய்கிற தம்பியின் கணக்கையோ, என்னைப் போன்று திருத்த வருபவரின் கணக்கையோ கொடுக்க வேண்டாம். கடையின் பெயரில் ஒரு கணக்கை ஆரம்பியுங்கள், மீட்பு இலக்கமாக முதலாளியின் கைத்தொலைபேசியைக் கொடுங்கள். காரணம் இருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக ஏற்றும் மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே குறியாக்கமாகிப் பூட்டிக்கொள்ளும், திறப்பு அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். பயோஸில் ஏதாவது மாற்றினால் 48 இலக்கத் திறப்பைக் கேட்கும். அந்தத் தம்பி கட்டாருக்குப் போயிருந்தால் என்ன செய்வீர்கள்? திறப்பை இப்போதே பிரிண்ட் எடுத்துக் காணி உறுதியோடு வையுங்கள்.

ஏற்றிய பிறகு தமிழ்க் கடைகளில் கட்டாயம் பார்க்க வேண்டியது: பழைய கோப்புகளில் பலதும் லதா எழுத்துருவில் இருக்கும். புதிதாக ஏற்றிய விண்டோஸில் லதாவும் விஜயாவும் தானாக வராமல் போகலாம். செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸ் என்று இருப்பதைச் சேர்த்தால் வந்துவிடும்.

இரண்டு மெஷின்களுக்கு இடையே கோப்புறையைக் கடவுச்சொல் இல்லாமல் பகிர்ந்து வைத்திருந்தால், விண்டோஸ் 11 புரோ 24எச்2 அதை ஏற்காது. முன் கவுண்டரிலிருந்து உள் அறை மெஷின் திறக்கவில்லை என்று அழைப்பு வருவது இதனால்தான். பாதுகாப்பை அணைத்து வைக்கும் குறுக்குவழிகளை யூடியூபில் காட்டுவார்கள், அதைச் செய்யாதீர்கள். உள் அறை மெஷினில் கடவுச்சொல்லுடன் ஒரு பாவனையாளரை உருவாக்கி, கோப்புறையை அவருக்குப் பகிர்ந்து, முன் மெஷினில் அந்தப் பெயரைக் கொடுத்தால் சரி.

11க்குப் போக முடியாத மெஷின்

மைக்ரோசொப்ட் விண்டோஸ் 10க்கு மேலதிகப் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை அறிவித்திருக்கிறது. தனிப்பட்ட பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை. எப்போது சேர்ந்தாலும் முடிவு அதே நாள்தான். அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் இலவசம், இல்லாவிட்டால் ஒருமுறை 30 டொலர். மெஷினில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு வேறு திட்டம்: மெஷினுக்கு முதல் ஆண்டு 61 டொலர், ஆண்டுக்காண்டு இரட்டிப்பு, மூன்று ஆண்டு வரை. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் முதலாம் ஆண்டுக் காசையும் கட்ட வேண்டும். அந்தக் காசை 6ஆம் தலைமுறை மெஷினுக்குக் கட்டுவதை விட, புது மெஷினுக்கு ஒதுக்குவதுதான் என் ஆலோசனை.

கடிதம் அடிக்கவும் இணையம் பார்க்கவும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும். பாமினியும் அதிலுள்ள லிப்ரே ஒபிஸ் என்ற கடிதம் அடிக்கும் மென்பொருளில் வேலை செய்யும். பில் மென்பொருள் உள்ள மெஷினுக்கு அது வேண்டாம்.

வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த மெஷின்களை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் தாராளமாக வாங்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் திரையில் விண்டோஸ் 11 தெரிகிறது என்பதை மட்டும் வைத்து வாங்காதீர்கள். தகுதியில்லாத 4ஆம் தலைமுறை மெஷினிலும் சோதனையைத் தாண்டி 11ஐ ஏற்றி விற்கிறார்கள். அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தரவில்லை. விண்டோஸ் 11இன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஹோம், புரோ இரண்டிலும் 24 மாத ஆதரவுதான், அடுத்த பதிப்பு வராவிட்டால் இரண்டு வருடத்தில் பழைய இடத்திலேயே நிற்பீர்கள். கடையிலேயே அபவுட் பக்கத்தைத் திறக்கச் சொல்லி இலக்கத்தைப் பாருங்கள். 8க்குக் குறைந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழும்பி வாருங்கள்.

நாள் பார்ப்பது

மில் என்றால் பெரும்போக அறுவடை முடியும் வரை கை வைக்க வேண்டாம். புடவைக்கடை என்றால் பொங்கல், சித்திரை, நோன்புப் பெருநாள் மூன்றுக்கும் முந்திய வாரங்களைத் தவிருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும், ஆனால் உரிம இலக்கம் தர வேண்டிய கொழும்புக்காரரும் அன்று வேலை செய்யமாட்டார். அதனால் நான் ஞாயிறு மாலை ஏற்றிவிட்டு, திங்கள் காலை முதல் வேலையாக அவருக்கு அழைப்பு எடுக்கிறேன். பத்து மணிக்குள் இலக்கம் வராவிட்டால் பழைய டிஸ்க்கைக் கொழுவிக் கடை ஓடும். ஒரே நாளில் எல்லா மெஷினையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி ஒரு வாரம் ஓடவிட்டு, வேலை செய்பவர்கள் பழகிய பிறகு மற்றதைத் தொடுங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். மார்ச் 31இல் வரி ஆண்டு முடிந்து, அந்த ஆண்டின் கணக்கைக் கொடுத்து முடியும் வரை வைத்திருங்கள். பிறகு பழைய மெஷினை விற்பதென்றால் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு விற்றுவிடுங்கள். அதற்குள் ஊரில் யார் யார் எவ்வளவு கடன் என்ற கணக்கும், பார்மசி என்றால் யார் என்ன மருந்து வாங்கினார் என்பதும் இருக்கிறது. கோப்புகளை டிலீட் செய்தது போதாது. முழுவதையும் அழிக்கும் மென்பொருளால் ஒருமுறை எழுதி அழிக்க வேண்டும், அல்லது சுத்தியலால் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டை உடைக்க வேண்டும்.